ஊரில் இல்லாதவரின் பிறந்தநாள்

கிரான்விக்,
4 செப்டம்பர் 1983

அன்பு மகள் ஹெட்விக்குக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். வழக்கம்போல முதலில் பட்டியலைத் தந்துவிடுகிறேன். பட்டியல் இல்லாமல் எழுதத் தொடங்கினால் நான் பாதியிலேயே வழி தவறிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும்.

1. ஆப்பிள் மரமும் வானிலையும்.
2. நீ அனுப்பிய பாலத்தின் படம்.
3. அதை ஊரில் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம்.
4. நவம்பரில் வரும் என் எழுபத்தைந்தாவது பிறந்தநாள்.

முதலாவது. மரம் இந்த ஆண்டு அளவாகக் காய்த்திருக்கிறது. போன ஆண்டுபோலக் கிளை ஒடியும் அளவுக்கு இல்லை, அதுவே நல்லது. அதிகமாகக் காய்த்தால் வீடு வீடாக வாளியில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கிறது. அவர்களும் பதிலுக்கு எதையாவது கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஏரியின்மேல் காலை நேரத்தில் மூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. உன் அறை ஜன்னலின் இடுக்கைக் கம்பளித் துணி வைத்து அடைத்து, அங்கே கணப்பையும் நிறுத்திவிட்டேன். புழங்காத அறைக்கு எதற்குச் சூடு?

இரண்டாவது. பத்திரிகையில் வந்த படமும், பொறியாளர் சங்கம் உனக்குப் பரிசு கொடுத்த செய்தியும் வந்து சேர்ந்தன. நன்றி. படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாலம் மோசமில்லை. கைப்பிடிக் கம்பிகள் போதுமான உயரத்தில் இருப்பதாகத் தெரிகிறது. குழந்தைகள் நடந்துபோகும் பாலம் என்றால் அது முக்கியம்.

மூன்றாவது. ஊரில் எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று கேட்டிருந்தாய். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் குன்வோரின் மகன் ரோலாண்ட் உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கணக்கில் உனக்குச் சளைத்தவன் அல்ல. அவன் அப்பா போனபிறகு மர ஆலையில் சேர்ந்தான். இன்றும் அங்கேதான் பலகை அறுக்கிறான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் மகள் அமெரிக்காவில் பாலம் கட்டிப் பரிசு வாங்கினாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? நம் பெருமையை நாமே சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பவர் நின்ற இடத்திலேயே கொஞ்சம் குட்டையாகிப் போகிறார். தவிரவும், இந்த ஊரில் அதைக் கேட்க விரும்புகிறவர் யாரும் இல்லை என்பது என் கணிப்பு. நீ என்றாவது திரும்பி வந்தால் உன்னைப் பழையபடி, சாதாரணமாக, ‘உள்ளே வா’ என்று அவர்கள் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது. நீ வந்து, எல்லாரையும் கூட்டி, என்னைப் பற்றி நாலு வார்த்தை பேசப்போவதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து வேண்டாம். ஊர்ப் பத்திரிகையின் பிறந்தநாள் பகுதியில் என் பெயர் எப்படியும் வந்துவிடும். அதற்குக் கீழே வழக்கமான வரியைப் போடச் சொல்லப் போகிறேன்: ‘பயணத்தில் இருப்பதால் வாழ்த்த வர வேண்டாம்.’ எங்கே பயணம் என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா
(அல்கோட் லிண்ட்மார்க்)


சியாட்டில்,
25 செப்டம்பர் 1983

அன்புள்ள அப்பா,

முதலில் ஒரு சண்டை. கடிதத்தின் கீழே அடைப்புக்குறிக்குள் முழுப்பெயர் எதற்கு? எனக்கு வேறு எத்தனை அப்பா இருக்கிறார்கள், குழம்பிப்போவதற்கு?

அடுத்தது கைப்பிடிக் கம்பி. அது சரியான உயரத்தில்தான் இருக்கிறது. கவலைப்பட வேண்டாம்.

இப்போது பரிசு கொடுத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். மேடைக்கு வந்து பாலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என்ன பேசினேன் தெரியுமா? எல்லாரும் சேர்ந்து செய்தது, அந்தச் சமயம் காற்றும் அவ்வளவாக இல்லை என்றேன். கூடமே சிரித்தது. நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். கீழே இறங்கியதும் எங்கள் அலுவலகத் தலைவர் க்ளிஃபோர்ட் என்னை ஓரமாக அழைத்துப்போனார். “ஏம்மா, அந்தப் பாலத்தைக் காத்தா கட்டுச்சு? நீ அதோட மல்லாடுனதை நான்தானே கிட்ட இருந்து பாத்தேன். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நேரா நில்லு, போதும்” என்றார். அன்றிலிருந்து நேராக நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதுகு வலிக்கிறது. ஆனால் பிடித்திருக்கிறது.

இங்கே இருப்பதெல்லாம் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பல் துலக்கியதைக்கூடச் சாதனையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் எனக்குக் கிரான்விக் ஞாபகம் வந்துவிடும். அங்கே யாரும் எதுவும் நிரூபிக்காமல் இரண்டு கோப்பை காப்பி குடித்து முடிக்கலாம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் நாட்டிலேயே, கோத்தென்பர்கில் ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் வரப்போகிறது. அதன் பொறுப்பை ஏற்க வர முடியுமா என்று அவர்களாகவே கேட்டிருக்கிறார்கள். நவம்பர் முடிவதற்குள் பதில் அனுப்ப வேண்டும். வந்தால், காலையில் ரயில் ஏறி மத்தியானக் காப்பிக்கு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆசையாகத்தான் இருக்கிறது, அப்பா.

ஆனால் பயமாகவும் இருக்கிறது. நான் செய்ததை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, யாராவது கேட்டால் ஏதோ ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு என்னால் இனி இருக்க முடியாது. ஊர் கைதட்ட வேண்டாம். ரோலாண்டிடம் நீங்கள் சொல்லவும் வேண்டாம். எனக்கு நீங்கள் ஒருவர் போதும். அந்தப் பாலத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கோத்தென்பர்குக்குப் பதில் எழுதுவேன்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றி வேண்டாம்.

அன்பு முத்தங்களுடன்,
உங்கள் ஹெட்விக்


கிரான்விக்,
16 அக்டோபர் 1983

அன்பு மகள் ஹெட்விக்குக்கு,

நலம். இந்த முறை இரண்டே அம்சங்கள்.

1. நீ கேட்ட வாக்கியம்.
2. கோத்தென்பர்க்.

முதலாவது. பல நாள் முயன்றேன். முதலில் எழுதியது சோப்பு விளம்பரம்போல இருந்தது, கிழித்துவிட்டேன். அடுத்தது நான் பள்ளியில் எழுதிக்கொடுத்த நடத்தைச் சான்றிதழ்போல வந்தது, அதையும் கிழித்தேன். மூன்றாவதாக எழுதியதைப் படித்துப் பார்த்தால் அது முதலாவதேதான். நான் வேதியியல் கற்றுக்கொடுத்தவன். ஒரு பாலம் நன்றாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன தகுதி? தெரியாததைப் புகழ்ந்தால் அது புகழ்ச்சி ஆகாது என்று தோன்றுகிறது. இது சரியான வாதமா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

நேற்று குன்வோர் லிங்கோன் பழ ஜாம் கொண்டுவந்தாள். ரோலாண்ட் வேட்டைக்குப் போய்க் கொண்டுவந்த கடமான் இறைச்சியிலும் ஒரு துண்டு இருந்தது. படியில் நின்றபடி, “ஹெட்விக் எப்படி இருக்கா, வாத்தியாரே?” என்றாள். “ஏதோ ஓடுது” என்றேன். அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, இங்கே ஆமாம் என்பதற்கு மூச்சை உள்ளே இழுப்போமே, அப்படி ஒரு தடவை இழுத்தாள். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. ஆனால் ஜாமில் இந்த முறை சர்க்கரை குறைவு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உன் செய்தியைச் சொல்லாமல் இருந்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது. கோத்தென்பர்க் பற்றி நீயே முடிவு செய்ய வேண்டும். என் விருப்பத்தை உன்மேல் சுமத்துவது முறையல்ல. சியாட்டிலிலும் நன்மை உண்டு, கோத்தென்பர்கிலும் நன்மை உண்டு. இரண்டு ஊரிலும் மழை உண்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா
(அல்கோட் லிண்ட்மார்க்)


சியாட்டில்,
2 நவம்பர் 1983

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அப்படித்தான் எழுதுவீர்கள் என்று முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோத்தென்பர்குக்கு வர இயலாது என்று பதில் எழுதிவைத்துவிட்டேன். ஒரு கட்டுமான இடத்தைப் பார்க்கக் கனடா போகிறேன். மாதக் கடைசியில் திரும்பி வந்ததும் தபாலில் சேர்த்துவிடுவேன்.

பிறந்தநாள் வாழ்த்துகள். எங்கே போவதாக இருந்தாலும் பயணம் நல்லபடியாக அமையட்டும்.

ஹெட்விக்


கிரான்விக்,
22 நவம்பர் 1983

அன்பு மகளே ஹெட்விக்,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கனடாவிலிருந்து நீ திரும்பும்போது இது உன் மேசையில் இருக்க வேண்டும். பட்டியல்:

1. நான் போய்வந்த பயணம்.
2. குன்வோர் வீட்டு அலமாரிக் கதவு.
3. வாக்கியம்.
4. கோத்தென்பர்க் பற்றி எனக்குத் தனியாகக் கருத்து எதுவும் இல்லை.

முதலாவது. பயணத்தில் இருக்கிறேன் என்று பத்திரிகையில் போட்டாயிற்று. எங்கே போவது என்பதை மட்டும் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை. உறவினர் வீட்டுக்குப் போனால் அவர்களுக்குத் தொல்லை. விடுதிக்குப் போனால் தெரிந்தவர் யாராவது அங்கே இருப்பார்கள், ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள். ஆகவே வீட்டுக்குள்ளேயே ஊரில் இல்லாமல் இருப்பது என்று தீர்மானித்தேன்.

அது நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை. பிறந்தநாளான சனிக்கிழமை எழுந்து பார்த்தால் இரவில் முதல் பனி விழுந்திருந்தது. வாசல் பெட்டியிலிருந்து பத்திரிகையை எடுக்கப் போனால் காலடித் தடம் பதியும். புகை தெரியும் என்பதால் அடுப்பு மூட்டவில்லை. விளக்குப் போட முடியாது. மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கும் மாதம் இது. குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, காய்ந்த ரொட்டியைக் கடித்தால் சத்தம் வருமே என்று தண்ணீரில் நனைத்துத் தின்றேன். எழுபத்தைந்து வயதை இப்படித் தொடங்குகிறவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று தோன்றியது.

திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். குன்வோர் வீட்டுக் கம்பத்தில் பிறந்தநாளுக்கு ஏற்றும் கொடி ஏறியிருந்தது. அவர்கள் வீட்டில் அன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை. எனக்குத் தெரியும்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தபால்காரர் ஸ்டூரே, நூலகத்துப் பெண், தேவாலயப் பாடகர் குழுவில் பாதிப்பேர், என்னிடம் படித்துவிட்டு இப்போது தாத்தாவாகிவிட்ட ஒருவன். தோட்டத்து வாயிலைச் சத்தமில்லாமல் திறந்தார்கள். பூச்செடியையோ கேக் பெட்டியையோ படியில் வைத்தார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. ஊரில் இல்லாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவது நாகரிகம் ஆகாது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் கோட்டோடு நிற்கிறேன், அந்தப் பக்கம் அவர்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு கணம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கடைசியாகக் குன்வோர் வந்தாள். அவள் போகவில்லை. மூடிய கதவைப் பார்த்துப் பேசினாள்.

“வாத்தியாரே, நீங்க ஊர்ல இல்லைன்னு எனக்குத் தெரியும். பத்திரிகையில பாத்தேன். திரும்பி வந்ததும் எங்க வீட்டுப் பக்கம் ஒரு நடை வந்துட்டுப் போங்க. காப்பி கொதிச்சுக்கிட்டிருக்கு. பயணம் போனவங்களுக்குக் குளிரும்.”

நான் மூச்சு விடவில்லை. அவள் படியிறங்கிப் போனாள்.

இதற்குமேல் என்ன செய்வது முறை என்று யோசித்தேன். கொஞ்சநேரம் கழியட்டும் என்று விட்டேன். பிறகு உன் அம்மாவின் சின்னத் தோல்பெட்டியை எடுத்து, அதற்குள் ஒரு துண்டை வைத்துக்கொண்டு, பின்கதவு வழியாக இறங்கி, ஏரிக்கரைப் பாதையைச் சுற்றி, சாலை வழியாக வந்து அவர்கள் வீட்டு மணியை அடித்தேன்.

ரோலாண்ட் கதவைத் திறந்தான். பெட்டியைப் பார்த்தான், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதை வாங்கி ஓரமாக வைத்தான்.

“பயணம் எப்படி இருந்துச்சு, வாத்தியாரே?”

“மோசமில்லை.”

“ரொம்ப தூரமோ?”

“கொஞ்சம் தெற்கே” என்றேன். அவர்கள் வீடு நம் வீட்டுக்குத் தெற்கேதான் இருக்கிறது, பொய் ஆகாது.

சமையலறையிலிருந்து குன்வோர் குரல் கொடுத்தாள். “உங்க வீட்டுப் பின்பக்கத்துலேர்ந்து ஏரி வரைக்கும் யாரோ நடந்த தடம் இருக்கு. திருடனா இருக்கப் போறான், கதவைப் பூட்டிட்டு வந்தீங்களா?”

நான் சிவந்துபோயிருப்பேன். ரோலாண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்; அவன் தோள் மட்டும் குலுங்கியது.

இரண்டாவது. கோப்பை எடுக்கக் குன்வோர் அலமாரியைத் திறந்தாள். விருந்துக்கு எடுக்கும் நீலப்பூக் கோப்பைகள் இருக்கும் அலமாரி. ஆண்டில் இரண்டு மூன்று தடவைக்குமேல் அதைத் திறப்பதில்லை. கதவின் உட்புறத்தில் ஒரு படம் குத்தியிருந்தது. உன் பாலம். ஓரங்கள் பழுத்துவிட்டன, ஆணி குத்திய இடங்கள் பலமுறை மாறியிருக்கின்றன. நீ எனக்கு அனுப்பிய படம் அல்ல. அதற்கு முன்பே, பாலம் திறந்தபோது ஏதோ பத்திரிகையில் வந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். குன்வோர் கதவை மூடப் போனாள். தெரிந்தே திறந்தாளா, மறந்து திறந்தாளா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

“அது நூலகத்துல கழிச்சுப் போட்ட பத்திரிகை. நான்தான் கொண்டுவந்தேன்” என்றான் ரோலாண்ட். “ஆலையில எல்லாருக்கும் தெரியும். கான்டீன்ல ஒண்ணு ஒட்டியிருக்கோம். நீங்க அந்தப் பக்கம் வந்தா மட்டும் காலண்டரை எடுத்து மேல மாட்டிடுவோம்.”

ஏன் என்றேன்.

“நீங்களே வாயைத் திறக்கலையே. பொண்ணைப் பத்திப் பேசினா வாத்தியாருக்குக் கூச்சமா இருக்கும், நாம ஏன் சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டோம்.”

“இவரு பாட்டுக்கு ஏதோ ஓடுதுங்கறாரு” என்றாள் குன்வோர். “நான் ஒவ்வொரு தடவையும் அந்தப் பாலத்தைப் பத்திக் கேக்கணும்னுதான் வாசலுக்கு வரேன். இவரு மூஞ்சியைப் பாத்துட்டு ஜாமைப் பத்திப் பேசிட்டுப் போறேன். ஜாமைப் பத்திப் பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போச்சு, வாத்தியாரே.”

அவர்கள் மனம் நோகக் கூடாது என்று நான் பேசவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று அவர்கள் பேசவில்லை. வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இவ்வளவு காலமும் ஒருவரையொருவர் உன் பாலத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். செப்டம்பரில் நான் எழுதிய கணிப்பு என்ன ஆயிற்று என்று நீயே பார்த்துக்கொள்.

ரோலாண்டிடம் நேராகவே கேட்டேன், உனக்கு வருத்தமே இல்லையா என்று. அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். “முதல்ல கொஞ்சம் இருந்துச்சு. ஏன் இல்லைன்னு சொல்லணும்? அப்புறம் படத்தைப் பாக்கப் பாக்கப் போயிடுச்சு. அந்த வளைவு இருக்கே, அதோட கணக்கை நானும் போட்டுப் பாத்தேன். வந்துச்சு. அவ வந்தா ஒரு இடம் மட்டும் கேக்கணும், அங்க ஏன் அப்படிப் பண்ணினான்னு.”

அந்த இடம் எது என்று அவன் எனக்கு விளக்கினான். எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

மூன்றாவது. பிறகு அவன், “வாத்தியார் என்ன நினைக்கிறீங்க, பாலத்தைப் பத்தி?” என்றான். நீ கேட்ட அதே கேள்வி. தாள் இல்லை, பேனா இல்லை, கிழிக்க வழியில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“அது என் பொண்ணு கட்டினது. அவ்வளவு அழகா ஒரு பொருளை நான் பாத்ததில்லை.”

கூரை இடிந்து விழவில்லை. குன்வோர் மூச்சை உள்ளே இழுத்தாள். மேசையில் இருந்த பச்சை நிறக் கேக்கில் ரோலாண்ட் எனக்கு இன்னொரு துண்டு வைத்தான். இரண்டு வாக்கியமாகப் போய்விட்டது என்பது தெரியும். நீ ஒன்றுதான் கேட்டாய்.

நேற்றுப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். பிறந்தநாளுக்குப் பிறகு எல்லாரும் போடுவதுபோல ஒரு நன்றி அறிவிப்புக் கொடுத்தேன். எழுத்து மிகச் சிறியதாக இருக்கட்டும் என்றேன். அங்கிருந்த பெண் படித்துப் பார்த்துவிட்டு, “இதையா சின்ன எழுத்துல போடச் சொல்றீங்க?” என்று கேட்டாள். அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன். இன்று வந்திருக்கிறது, வெட்டி இணைத்திருக்கிறேன்:

‘என் பிறந்தநாளன்று வாசல்வரை வந்த அனைவருக்கும் நன்றி. அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். ஆலைக் கான்டீனில் காலண்டருக்குப் பின்னால் இருக்கும் பாலத்தைக் கட்டியவள் என் மகள் ஹெட்விக். காலண்டரை இனி எடுத்துவிடலாம். – அல்கோட் லிண்ட்மார்க்.’

காலையில் ரொட்டி வாங்கப் போனேன். கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் விலகி எனக்கு வழிவிட்டார்கள். அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. பொறுத்துக்கொண்டேன். உன் க்ளிஃபோர்ட் சொன்னதுபோல நேராக நிற்கவும் முயன்று பார்த்தேன். நீ எழுதியது உண்மை, முதுகு வலிக்கிறது.

திரும்பி வந்ததும் உன் அறை ஜன்னலில் அடைத்திருந்த கம்பளித் துணியை எடுத்தேன். கணப்பைத் திறந்துவிட்டிருக்கிறேன். அறை சூடேற இரண்டு நாள் ஆகும்.

நான்காவது. மேலே பட்டியலில், கோத்தென்பர்க் பற்றி எனக்குக் கருத்து இல்லை என்று எழுதியிருக்கிறேன். பட்டியலை முதலில் எழுதிவிடுவது என் பழக்கம். அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகிவிடும் என்பதால் அதை அப்படியே விடுகிறேன். ஆனால் நான்காவது அம்சம் தவறு.

அப்பா